கயிறும் லத்தீனும்

வேர்தோண்டி என்றொரு ஜீவன் உண்டு. கிழங்கு வியாபாரியோ என்று நினைத்துவிடாதீர்கள். இவர் தோண்டுவது அபூர்வமான ஆங்கிலச் சொற்களின் வேரை. தலைவலி என்று நீங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மாத்திரை தரமாட்டார். 'மைக்ரேன்' என்ற சொல் கிரேக்க மொழியில் 'பாதி மண்டை' என்று பிறந்து, ஊர் ஊராக அலைந்து, தேய்ந்து உங்கள் நெற்றிக்கு வந்து சேர்ந்த கதையைத் தருவார். கேட்டு முடிப்பதற்குள் மீதிப் பாதியும் வலிக்கும்.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவன் பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். பட்டப்பெயர் அகராதி.

"டேய் அகராதி, பால் பொங்குதுடா!" என்பாள் அம்மா.

"அம்மா, பொங்கறதுக்கு லத்தீன்ல..."

பால் வழிந்து அடுப்பே அணைந்துவிடும்.

வருகிறவர் போகிறவரெல்லாம் "சும்மாதானே இருக்கே?" என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு உடம்பெல்லாம் முள்ளாகக் குத்தியது. ஒரு வேலை கிடைத்தால் போதும். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கித் தரும் தொழில் செய்கிற மாமா இரங்கினார்.

"ஒரு நாள் வா, பார்க்கலாம். கையைக் கொண்டு வா, வாயை வீட்டுலயே வச்சுட்டு வா. சரியா செஞ்சேன்னா வேலை உனக்குத்தான்."

மதியம்வரை அவன் வாய் திறக்கவில்லை. அவன் வரலாற்றில் அது ஒரு பொற்காலம். பிறகு கண்ணாடி பதித்த அலங்கார மேஜை ஒன்று மாடிப்படியில் திரும்ப மறுத்தது. கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கினார்கள். கயிற்றைப் பிடித்தபடி முன்னால் மாமா, பின்னால் அவன். வீட்டுக்காரப் பெண்மணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கடவுளே, ஜன்னல் வழியா சாமானை வெளிய தள்றதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"

புலிக்கு முன்னால் ஆட்டைக் கட்டினால் புலி என்ன செய்யும்?

"ஆன்ட்டி, அதுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு. டிஃபெனெஸ்ட்ரேஷன்!"

"ஐயோ, அது என்னப்பா, வியாதியா?"

"டேய், கயிறு!" என்றார் மாமா.

"லத்தீன்ல ஃபெனெஸ்ட்ரான்னா ஜன்னல். முன்னால வர்ற 'டி'ன்னா, அதுலேர்ந்து வெளியே..."

'வெளியே' என்பதை இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கையைக் கட்டிக்கொண்டு விளக்கம் சொன்ன வேர்தோண்டி இதுவரை பிறக்கவில்லை.

மாமா ஒற்றை ஆளாக ஜன்னல்வரை இழுபட்டு, சுவரில் காலை உதைத்து நின்றார். மேஜை பிழைத்தது. கண்ணாடி மட்டும் கழன்று, அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் தெருவில் விளக்கியது.

மாமாவின் உள்ளங்கை உரிந்து சிவந்திருந்தது. ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒரு "மன்னிச்சிடுங்க மாமா" போதும், உருகிவிடுவார். அந்தச் சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

மாமா கையை ஊதிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, தன் வாயாலேயே கெட்டுப்போறவனுக்கும் ஒரு வார்த்தை வச்சிருப்பியே?"

அது கேள்வியல்ல என்று அவனுக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும்.

"இருக்கு மாமா! ரொம்ப அபூர்வமானது. கிரேக்கத்துல..."

வேலை அதோடு போயிற்று.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கிரேக்கச் சொல் எது என்று உள்ளுக்குள் அரிக்கிறதல்லவா? சொல்கிறேன். அதற்குமுன், உங்கள் கையில் இருப்பதைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுங்கள்.