மூன்று விரல் சாய்வு

"உங்க வண்டி மறுபடியும் உட்கார்ந்துடுச்சு," என்றாள் புருல், ஜன்னலைத் திறந்துகொண்டே. "சத்தார் வண்டி நிமிர்ந்துதான் நிக்குது."

முதல் வாக்கியத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் அந்த வாரம் ஒன்றுமே நடந்திருக்காது. இரண்டாவது வாக்கியம்தான் ஜெக்ஷெனைச் சுட்டது.

கோச்கோர் சந்தையிலிருந்து மலைமேல் கிராமங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள் எத்தனையோ உண்டு. ஆனால் பின்சக்கரங்களுக்கு மேல் இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த உயரமான பழைய ஜீப் இரண்டே இரண்டுதான். ஒன்று ஜெக்ஷெனுடையது. மற்றது எதிர்வீட்டு சத்தாருடையது. இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே சாம்பல் நிறம்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், சத்தாரின் வீட்டார் புருலுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய வந்தார்கள். என்ன காரணமோ, தோடு வந்த பெட்டியிலேயே திரும்பிப் போயிற்று. அடுத்த வருடம் புருல் ஜெக்ஷெனைக் கட்டிக்கொண்டாள். சத்தாரும் கல்யாணம் செய்து மூன்று பிள்ளை பெற்றுவிட்டான். எல்லாரும் தோட்டை மறந்தார்கள், ஜெக்ஷென் ஒருவனைத் தவிர.

அவன் முற்றத்துக்குப் போய்ப் பார்த்தான். ஜீப்பின் வலது பின்பக்கம் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

"காத்து எங்கேயோ கசியுது," என்றான்.

"சத்தார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? அவருக்கு இதெல்லாம் தெரியும்."

"அவருக்கா? அது என்ன 'அவருக்கு'?"

"பின்னே என்ன, 'அதுக்கு'ன்னா சொல்லணும்?"

ஜெக்ஷென் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். சோப்புத் தண்ணீரைக் காற்றுப் பையின் மேல் தடவினான். மடிப்பு ஓரத்தில் குட்டிக் குட்டியாகக் குமிழி வந்தது. கண்டுபிடித்துவிட்டான்! பாலிக்சி நகரத்துக்குப் போய்ப் பழைய சாமான் விற்கிறவனிடம் நல்ல பை ஒன்று பார்த்து வாங்கிவந்து, சனிக்கிழமை மாட்டியும் விட்டான். வண்டி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

பையை மாற்றினால் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்சார். அதோடு சேர்ந்த சின்னக் கம்பியை ஏற்றி இறக்கினால், வண்டி அந்த உயரத்தில்தான் நிற்கும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் ஐம்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இடது பக்கத்தை இரும்பு டேப்பால் அளந்தான். சுத்தமாக ஐம்பது. வலது பக்கம் வருவதற்குள் டேப்பின் சுருள் அறுந்து, பல்லி பொந்துக்குள் ஓடுவது போல நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு வெளியே வரவே இல்லை.

புருல் தையல்காரி. அவளுடைய தையல் மெஷின் மேல் துணி டேப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஜெக்ஷென் அதை எடுத்துவந்து வலது பக்கத்தையும் ஐம்பதுக்கு வைத்து நட்டை முறுக்கினான்.

பின்னால் தள்ளி நின்று பார்த்தான். வண்டி வலது பக்கம் சாய்ந்திருந்தது.

மறுபடி அளந்தான். ஐம்பது. மறுபடி பார்த்தான். சாய்வு. ஒரு கிண்ணம் நிறையக் குதிரைப்பால் கொண்டுவந்து வண்டிக்குள் பின்பக்கம் தட்டையான இடத்தில் வைத்தான். பால் வலது ஓரமாக வழிந்து ஒழுகியது.

"குடிக்கிறதை ஏன் வண்டிக்கு ஊத்துறீங்க?" என்று வாசலில் இருந்து கேட்டாள் புருல்.

"வண்டி சரியாத்தான் இருக்கு. முற்றம்தான் சரிவு."

வலது சக்கரங்களுக்கு அடியில் பலகை போட்டான். பால் அசையாமல் நின்றது. திருப்தியோடு வண்டியைத் தெருவுக்கு ஓட்டினான். தெருவில் சாய்ந்தது.

"தெருவும் சரிவா?" என்றாள் புருல்.

"ஆமா."

"கோச்கோரே சரிவா?"

ஜெக்ஷெனுக்கு வேறு யோசனை வந்தது. இடது பக்கம் கனம் ஏற்றினால் சமமாகிவிடும் அல்லவா? மாவு மூட்டை ஒன்றைத் தூக்கி இடது பக்கம் போட்டான். அந்தப் பக்கம் அமுங்கியது. அவன் புன்னகை செய்வதற்குள் கம்ப்ரசர் ஊமென்று உறுமி, அமுங்கிய பக்கத்துக்குக் காற்றை அடைத்து, பழைய உயரத்துக்கே தூக்கிவிட்டது. இரண்டாவது மூட்டை போட்டான். தூக்கியது. மூன்றாவது மூட்டைக்கும் தூக்கியது. அது அந்த வண்டியின் சுபாவம். எவ்வளவு ஏற்றினாலும் சொன்ன உயரத்தில்தான் நிற்கும். நான்காவது மூட்டைக்கு ஃபியூஸ் போயிற்று. எதிர்வீட்டு மாடியில் சத்தார் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெக்ஷென், உதவி வேணுமா?"

"உன் வேலையைப் பாருடா!"

புது ஃபியூஸ் போட்டுக்கொண்டு, சாய்ந்த வண்டியோடு திங்கட்கிழமை சந்தைக்குப் போனான். முதலில் வந்தது உல்கன் எஜே. எழுபதை நெருங்கிய பெரியக்கா. உலர்ந்த தயிர் உருண்டை விற்கிறவள். முழங்கால் இரண்டும் போனவள். வழக்கமாக அவளை ஏற்றுவதற்குள் இரண்டு ஆள் வேண்டும். அன்றைக்கு ஜெக்ஷென் கை கொடுக்கப் போவதற்குள் அவளே வலது பக்கக் கதவு வழியாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"உன் வண்டி இன்னிக்குப் புது மருமக மாதிரி குனிஞ்சு வணங்குதே ஜெக்ஷென்! மரியாதை தெரிஞ்ச வண்டி."

பின்னாலேயே வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜெக்ஷெனுக்குக் காது சிவந்துபோயிற்று. வண்டி நிறைய ஒருமணி நேரம் காத்திருப்பது அவன் வழக்கம். அன்றைக்குக் கால்மணியில் நிறைந்தது. கேலி செய்வதற்கென்றே ஏறுகிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. சத்தாரின் நிமிர்ந்த ஜீப் பக்கத்தில் காலியாகக் காற்று வாங்கிக்கொண்டு நின்றதையோ, சத்தார் உம்மென்று இருந்ததையோ அவன் பார்க்கவில்லை. பொறாமைக்காரனின் கண் அப்படி. வேண்டாததை எல்லாம் பார்க்கும்.

வியாழக்கிழமை விடிகாலையில் மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்தவன், வேண்டாதது ஒன்றைப் பார்த்தான். அவனுடைய வாசல் படலைத் திறந்துகொண்டு சத்தார் பூனை நடையில் வெளியே போனான். போகும்போது குனிந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான்.

முழங்காலில் மண்! மண்டி போட்டுக் கெஞ்சியிருக்கிறான்! இருபத்திரண்டு வருடத்துக்கு அப்புறமும் மண்டி போடுகிறான்!

புருல் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில யாரு வந்தா?"

"யாரும் வரலையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நீங்க வந்தீங்க. மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு." அவள் மூஞ்சியை அப்படி வைத்துக் காட்டினாள். "ஆமா, மெஷின் மேல கிடந்த என் டேப்பை எங்க வெச்சீங்க?"

"நேத்து ராத்திரிதான் எடுத்து வண்டி மட்கார்டு மேல வெச்சேன்."

"இல்லையே. படல் கம்பத்துல தொங்குது. யாரு அங்க மாட்டினது?"

ஜெக்ஷென் அவளையே பார்த்தான். என்ன நடிப்பு! அன்று ரொட்டி இறங்கவில்லை. மறுநாள் தேநீரும் இறங்கவில்லை. சாய்ந்த வண்டியை ஓட்டிக்கொண்டே, தோட்டுப் பெட்டி திரும்பிப் போன பாதையை மனசுக்குள் இருபது தடவை முன்னும் பின்னும் போய்வந்தான். 'ஒருவேளை அந்தத் தோடு திரும்பிப் போகவே இல்லையோ' என்றுகூட ஒரு தடவை தோன்றிவிட்டது. அவளுடைய துணிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஊசிகள்தான் இருந்தன. ஒன்று விரலில் ஏறியது.

வெள்ளிக்கிழமை மாலை அவன் மறுபடி துணி டேப்பால் வலது சக்கரத்தை அளப்பதை புருல் பார்த்துவிட்டாள். கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதாலயா அளந்தீங்க? ஐயோ! அதுல முன்னால மூணு விரல் வெட்டியிருக்கே!"

"என்னது?"

"நம்பரைப் பாருங்க. அஞ்சுலேர்ந்துதானே ஆரம்பிக்குது? நான்தான் வெட்டிட்டு நுனியில பித்தளையை மறுபடி மாட்டிவெச்சேன்."

"எதுக்கு?"

"இந்த ஊரு பொம்பளைங்க அளவு குடுக்கும்போது மூச்சைப் பிடிச்சு வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. விருந்துல ரெண்டு தட்டு பேஷ்பர்மாக் இறங்கினதும் தையல் பிரிஞ்சுடும், அப்புறம் என்னைத் திட்டுவாங்க. இந்த டேப்பால ஆளை அளந்து, ஸ்கேல் வெச்சு வெட்டினா துணி மூணு விரல் தாராளமா வரும். யாருக்கும் தெரியாது. புருல் தெச்சா மட்டும் சாப்பிட வசதியா இருக்குன்னு வர்றாங்க. வெளிய சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

ஜெக்ஷென் பக்கத்து வீட்டில் இரும்பு டேப் இரவல் வாங்கினான். வலது பக்கத்தை நிஜமான ஐம்பதுக்கு ஏற்றினான். கிண்ணத்தில் பால் ஏரியைப் போல அசையாமல் நின்றது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். ஆனாலும் அந்த முழங்கால் மண் நெஞ்சுக்குள் அப்படியே ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஊரே அங்கேதான் இருக்கும். ஜெக்ஷென் விடியும் முன்னே போய், நடு இடத்தில் வண்டியை நிறுத்தி, துடைத்து, நிமிர்ந்த அழகை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான். சத்தார் வரட்டும்.

மணி ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. ஒருவரும் ஏறவில்லை. உல்கன் எஜே மூட்டையோடு வந்தாள், ஜீப்பின் படியைப் பார்த்தாள், உச்சுக் கொட்டினாள், தாண்டிப் போய்விட்டாள்.

"எஜே! இங்க!"

"உன் வண்டிக்கு மரியாதை போயிடுச்சுப்பா."

அவள் போன திசையை ஜெக்ஷென் பார்த்தான். பெண்கள் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் சத்தாரின் ஜீப். அது வலது பக்கம் சாய்ந்து நின்றது.

முதலில் அவனுக்கு ஆனந்தம் பொங்கியது. சத்தார் வண்டியும் கெட்டுவிட்டது! ஓடிப்போய்ச் சக்கரத்தின் பக்கம் குந்தினான். அவன் கைக்கு அந்த அளவு பழகியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தான். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். இரண்டும் இல்லை, நான்கும் இல்லை. சரியாக மூன்று.

ஆனந்தம் அப்படியே உறைந்துபோயிற்று. அந்த மூன்று விரல் உலகத்தில் ஒரே ஒரு டேப்பில்தான் இருக்கிறது. அந்த டேப் அவன் பெண்டாட்டியின் கழுத்தில்தான் தொங்குகிறது.

"சத்தாரு!"

ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"என்ன ஜெக்ஷென்?"

"இந்த மூணு விரல் உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?"

சத்தாரின் முகம் வெந்த பீட்ரூட் ஆயிற்று. "எ... எந்த மூணு விரல்?"

"வியாழக்கிழமை விடியக்காலையில என் வாசல்ல உனக்கு என்ன வேலை? முழங்கால்ல மண்ணோட? சொல்லுடா! தோடு திரும்பி வந்து இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் உனக்கு..."

கையில் இருந்த துடைக்கிற துணியை அவன் இறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். சத்தார் தன் தொப்பியைக் கழற்றினான், போட்டான், மறுபடி கழற்றினான். கூட்டத்தில் யாரோ "ஐயோ பாவம் புருல்" என்று முனகினார்கள். ஜெக்ஷெனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அப்போது சத்தாரின் ஜீப்புக்குள்ளிருந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்த உல்கன் எஜே தலையை வெளியே நீட்டினாள்.

"அட மடையா, அவன் மண்டி போட்டது உன் பொண்டாட்டிகிட்ட இல்லடா, உன் வண்டிகிட்ட! எங்க முழங்காலுக்கு இரக்கப்பட்டு ஜெக்ஷென் வண்டியை எத்தனை விரல் குனிய வெச்சிருக்கான்னு அளந்துட்டு வாங்கன்னு, வாரம் பூரா உன்னையே புகழ்ந்து புகழ்ந்து இவனை அனுப்பினது இவன் பொண்டாட்டி!"