கூரை போடாத ஹைட்ரஜன் கூடம்

ஒரு காட்டில், லாரிகள் எல்லாம் டீசலை விட்டு ஹைட்ரஜனுக்கு மாறப்போவதாகப் பேச்சு எழுந்தது. உடனே அந்தக் காட்டுக் கல்லூரியின் முதல்வர் காட்டெருமை, மாணவர்களுக்கு ஒரு ஹைட்ரஜன் பயிற்சிக்கூடம் கட்ட முடிவு செய்தார். திட்டம் போடும் பொறுப்பு செங்கமலம் என்ற கீரி டீச்சருக்கு வந்தது. கட்டும் கான்ட்ராக்ட் சடையாண்டி என்ற மரநாய்க்குப் போனது. சடையாண்டி முதல்வருக்கு மச்சான். மரநாய் எப்படிக் காட்டெருமைக்கு மச்சான் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

செங்கமலம் வரைபடத்தை முதல்வர் முன் விரித்தாள்.

"சார், ஹைட்ரஜனுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கசிஞ்சா நேரா மேலே ஏறும். கூரைக்கடியில தேங்கிட்டா ஒரு பொறி போதும், பிள்ளைங்க யாரும் மிஞ்ச மாட்டாங்க. அதனால கூரை உச்சியில திறப்பு வைக்கணும்."

"கூரையில ஓட்டையா? பார்க்க அசிங்கமா இருக்கும்மா" என்று முதல்வர் திறப்புகளை எல்லாம் அடித்துவிட்டார். "மூடின கூரை போட்டு ஏசி வச்சிடுவோம்."

சடையாண்டி சுவர் எழுப்பினான், வழுவழு டைல்ஸ் பதித்தான். கூரை போடும் நேரத்தில் பக்கத்துக் காட்டில் கல்யாண மண்டப வேலை கிடைக்கவே, கூரை வார்க்க வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளோடு கிளம்பிவிட்டான். போன் செய்தால், "கம்பி கட்டுற ஆளு ஊருக்குப் போயிருக்கான் டீச்சர், வந்ததும் போட்டுடலாம்" என்பான்.

கூரை வரவில்லை. திறப்பு விழா வந்தது.

அணில்களும் முயல்களும் மைனாக்களுமாக மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஹைட்ரஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரிலேயே குத்துவிளக்கு.

"சார், விளக்கை வெளியே வச்சிடலாம்" என்று செங்கமலம் கெஞ்சினாள்.

"விளக்கேத்தாம திறப்பு விழாவா? சும்மா இரும்மா."

அமைச்சர் புலி பேசும்போது கசிவு மணி அடித்தது. பேச்சுக்கு இடைஞ்சல் என்று முதல்வர் அதை நிறுத்தச் சொன்னார். செங்கமலம் கசிவைக் காட்டும் கைக்கருவியைப் பார்த்தாள். குழாய் இணைப்பில் கசிவு. அவள் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அதற்குள் புலி பேச்சை முடித்து, விளக்கேற்ற மெழுகுவர்த்தியோடு குனிந்துவிட்டார். அவள் மேடைக்குக் குறுக்கே ஓடி வால்வை மூடினாள்.

ஐந்து திரியும் அமைதியாக எரிந்தன. ஒன்றும் ஆகவில்லை.

"என்னம்மா ஓடுறே?" என்றார் புலி.

"வாயு கசிஞ்சிருச்சுங்கய்யா. எல்லாம் மேலே போயிருச்சு. கூரை இருந்திருந்தா நாம யாரும் இருந்திருக்க மாட்டோம்."

புலி அண்ணாந்து பார்த்தார். மேலே நீல வானம். "கூரை வேண்டாம்னு யோசிச்சது யாரு?"

மாலை போட வந்திருந்த சடையாண்டி தலைகுனிந்தான். "நான்தாங்கய்யா."

அவனுக்குப் பொன்னாடையும் பாதுகாப்பு விருதும் கிடைத்தன. அமைச்சர் பேசிய மேடையில் ஓடியதற்காகச் செங்கமலத்துக்கு மெமோ கிடைத்தது.

அடுத்த வருஷம் மலையடிவாரக் கல்லூரியும் ஒரு ஹைட்ரஜன் கூடத்துக்குத் திட்டம் கேட்டு அவளிடம் வந்தது. செங்கமலம் வெகுநேரம் யோசித்தாள். திறப்பு வரைந்தால் அடித்துவிடுவார்கள். ஆகவே ஒரு துளைகூட இல்லாத, கனமான கான்கிரீட் கூரையாக வரைந்தாள். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்: வேலையைச் சடையாண்டிக்கே கொடுக்க வேண்டும்.

அங்கே இன்றுவரை ஒரு விபத்தும் இல்லை. மழை பெய்தால் மட்டும் மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள்.

நீதி: பாதுகாப்பைக் கேட்டால் கிடைக்காத இடத்தில் ஆபத்தையே கேள், அதை ஒருநாளும் செய்து முடிக்காத ஆளாகப் பார்த்துக் கேள்.