உளுந்து முளைக்குமுன் எடுத்த பட்டியல்

பாரிவாக்கத்தில் எந்தச் சர்வே கல் அரை அடி நகர்ந்தாலும் கல்லு நைனாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் எங்கள் நிலக் காப்புக் குழுவில் யாருக்கும் தெரியாது. குழு என்றால் ஆறு விவசாயிகள், அடுக்குமாடிகளிலிருந்து என்னைப் போல் ஐந்து பேர், அப்புறம் அவர்.

மனிதர்களை அவர் சர்வே நம்பரால்தான் அறிவார். நான் சேர்ந்த அன்று கேட்டார்: "நீ நூத்திப் பன்னெண்டா? உன் சமையக்கட்டு கீற எடத்துல முன்ன கத்திரி நல்லா காய்ச்சுகினு இருந்துச்சு மா."

ஒருமுறை எல்லைக் கல்லைப் பிடுங்க ஜேசிபி வந்தது. நைனா கல்லின்மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்.

"எழுந்திரு நைனா, வேல கீது," என்றார் டிரைவர்.

"துன்னுகினு கீறேன்ல. முடியட்டும்."

மாலைவரை தயிர்ச்சோறு முடியவில்லை. டிரைவரும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

கிராமக் கணக்கில் பயிர் ஏறிய நிலத்தை மனையாக்குவது கடினம். அதனால் போகம் தவறாமல் வீடு வீடாகப் போய் நிற்பார்: "எள்ளாச்சும் தெளிச்சு வுடு. சும்மா கெடந்தா மனைக்குப் பூடும்."

கடைசியில் அவர் குத்தகைக்கு உழுத ஏரிக்கரை வயலையே மனையாக்க உரிமையாளர் மனுப் போட்டார். விசாரணையில் காட்டப் பயிர்ப் பட்டியல் எடுக்கும் வேலையை நான் ஏற்றேன். நம்பர், பரப்பு, பயிர், புகைப்படம். ஒரே பிற்பகலில் நாற்பது வயல்கள். அவருடையதில் வெறும் மண்.

"நேத்துதான் மா உளுந்து தெளிச்சேன்."

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நைனா எழுத முடியும்."

தரிசு என்று பதிந்தேன். மறுபடி போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

விசாரணையில் அதிகாரி எங்கள் பட்டியலையே வாசித்தார். "நீங்களே தரிசுன்னு குடுத்திருக்கீங்களே?"

நைனா எழுந்தார். "நாந்தான் சார் அப்டி சொன்னேன். வயசாயிடுச்சு, மறந்துட்டேன். அந்தப் பொண்ணு நான் சொன்னதத்தான் எழுதிச்சு."

நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் தேட ஒன்றுமில்லை.

மனைக்கு அனுமதி வந்தபோது உளுந்து விரற்கடை உயரம். குழுவில் ஒரு மாதம் அவரை வறுத்தெடுத்தார்கள். "ஊருக்கே தெளிக்கச் சொல்லிட்டு, உன் வயல தரிசுன்னியே பெருசு." அவர் தலையைச் சொறிந்தார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவருக்கு வேறொருவர் வயலில் கூலி வேலை. போன வாரம் போனில் கூப்பிட்டார்: "இங்க கேவுரு மொளச்சுக்கீது மா. வந்து படம் புடிச்சுக்கோ." போய்க் கேழ்வரகு முளைகளை இருபது படம் எடுத்தேன்.

குழுவினரே, தரிசு என்று எழுதியது நான். நைனா வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை எனக்காகச் சொன்னார்.