துணைக்குப் போன தலை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு சொல்லச் சௌகரியமாக இருக்கும். எனக்கு இந்த வயதுவரைக்கும் காக்கா வலிப்பு வந்ததே கிடையாது. ஆனால் வெள்ளைக்காரன் ஆண்ட நாளில், சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ரயில் நிற்கிற ஊரிலெல்லாம் எனக்குக் காக்கா வலிப்பு என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சுக்கு நாலு பேர் முன்னால் சாட்சி சொன்னவனும் நான்தான். தன் கழுத்துக்குத் தானே மாலை போட்டுக்கொண்டு, மேளத்துக்கும் சொல்லி அனுப்புகிற ஆட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சிநேகிதன் என்கிற ஒரு வார்த்தையால் வந்தது. எங்கள் சித்தூரில் அந்த வார்த்தை பட்ட பாடு கொஞ்சமல்ல. கோர்ட்டில் இரண்டு வக்கீல்கள் ஒருத்தர் குரல்வளையை ஒருத்தர் கடிக்கப் போகும்முன் 'என் நண்பர் சொன்னதுபோல' என்று ஆரம்பிப்பார்கள். போலீஸ்காரர் 'உன் சிநேகிதன் எங்கடா?' என்று கேட்டால், லாக்கப்பில் இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது என்று அர்த்தம். 'தாசில்தார் நமக்கு ரொம்ப சிநேகிதம்' என்பவன் தாசில்தாரின் வண்டிமாட்டைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பான். என் நைனா (எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், சிநேகிதனைக் கூப்பிடுவதும் நைனாதான்) அம்மாவைப் பார்த்து, "உன் புள்ளையோட சிநேகிதன் வந்து கீறான்" என்று சொன்னால், சோற்றுப் பானையை மூடி வை என்று பொருள்.

அப்படி வந்து போய்க்கினு இருந்தவன்தான் முனிரத்தினம்.

எங்கள் தெருவில் குடுமியை எடுத்துவிட்டு முதலில் கிராப்பு வைத்தவன் அவன். நெற்றியில் ஒரு சுருள் தானாக வந்து விழும். (தானாக இல்லை. விளக்கெண்ணெயும் விரலுமாக அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்பான்.) அவனைப் பார்த்து நானும் கிராப்பு வைத்துக்கொண்டேன். எனக்கு அது தேங்காய் நாரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் அது என் தேங்காய் நார்.

முனிரத்தினம் மூன்றாம் தடவையாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதியபோது அவன் அம்மா ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டாள்: பையன் பாஸானால் முடி காணிக்கை. அவன் பாஸாகிவிட்டான். பெருமாள் தன் கடமையைச் செய்துவிட்டார். இனி சுருளை இறக்க வேண்டியதுதான் பாக்கி.

அதே சமயத்தில் எனக்குச் சந்திரகிரியில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு நைனாவுடையது, பிடிவாதம் என்னுடையது. சம்பூர்ணத்தை நான் ஏற்கெனவே திருச்சானூர்த் திருவிழாவில் பார்த்திருந்தேன். வளையல்காரனிடம் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, அதே மூச்சில் திரும்பித் தன் அம்மாவிடம் தமிழில் அவனைப் பற்றிக் கோள் சொன்னாள். இரண்டு பாஷையிலும் அவள்தான் ஜெயித்தாள். அன்றிலிருந்து அரை வருஷம் என் அம்மாவைச் சோறு துன்ன விடாமல் நச்சரித்தேன். அவர்கள் ஆள் வைத்துப் பேசி, ஒரு வெள்ளிக்கிழமை காலை நாள் குறித்தார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெண்தான். உலகத்தில் வேறெதுவும் வேண்டாம்.

அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை மலையேறுவதாக இருந்த முனிரத்தினம் என்னைத் தேடி வந்தான்.

"நீயும் துணைக்கு வா நைனா. தனியா போவ ஒரு மாதிரி கீது. எப்படியும் மறுநாள் நீ சந்திரகிரிக்குத்தானே போவணும்? திரும்பி வர்ற வழியில எறங்கிக்கலாம்."

"பொண்ணு பாக்கறதுக்கு முன்னால சாமி பாக்கறது நல்லதுதான்" என்றாள் அம்மா. "நாங்க காலைல ரயிலேறி நேரா பொண்ணு வீட்டுக்கு வந்துடறோம்."

நைனா, "அவன்கூடவா?" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு தீர்க்கதரிசி இருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போதெல்லாம் மலைக்கு நடைதான். ஏறி முடித்து முடி எடுக்கும் கொட்டகைக்குப் போனால் ஒரே கூட்டம். முனிரத்தினம் வரிசையாக விழுந்து கிடந்த மயிரைப் பார்த்தான். அவன் முகம் தன் சுருளோடு சேர்ந்து தொங்கிவிட்டது.

"பக்கத்துல ஒக்காந்துக்கோ நைனா. கையப் புடிச்சிக்கோ" என்றான். உட்கார்ந்தேன். பிடித்துக்கொண்டேன்.

முடி எடுப்பவர் தண்ணீர்ச் செம்போடு வந்தார். அவன் தலையில் ஒரு கை, என் தலையில் ஒரு கை தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். எனக்கு வெயிலுக்கு இதமாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

"இவரெவரு?" என்றார் என்னைக் காட்டி.

"ப்ரெண்டு" என்றான் முனிரத்தினம். பிறகு, கத்தி பளபளத்ததும், "மொதல்ல அவருக்கு" என்று சேர்த்துக்கொண்டான்.

கூட்ட நாளில் அந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. வந்தவர்கள் வேறு ஆளிடம் நழுவிவிடாமல் இருக்க, ஒவ்வொரு தலையிலும் முதலில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து வைத்துவிடுவார்கள். அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக முடிப்பார்கள். அரைகுறைத் தலையோடு எவன் எழுந்து போவான்? நான் வாயைத் திறப்பதற்குள் என் நெற்றியிலிருந்து உச்சிவரைக்கும் கத்தி ஒரு ஓட்டம் ஓடியது. அவர் அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

தடவிப் பார்த்தேன். நடு மண்டையில் பாகாலாவுக்குப் போகிற ரயில் பாதை.

"ஐயோ, எனக்கு வேண்டுதல் இல்லீங்க! வேண்டுதல் இவனுக்கு!" என்று பக்கத்தில் கையைக் காட்டினேன். பக்கத்தில் ஈர மணைப் பலகைதான் இருந்தது. என் பாதையைப் பார்த்த மாத்திரத்தில் முனிரத்தினம், "தண்ணி குட்ச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவன். தண்ணீர் கீழ்த் திருப்பதியில் இருந்தது போலிருக்கிறது.

முடி எடுப்பவர் கோபப்படவில்லை. "இஷ்டம் பாபு. இப்படியே போறதுன்னா போ. மிச்சம் வர்ற வருஷம் குடு" என்றார்.

நான் குனிந்தேன். மிச்சத்தையும் கொடுத்தேன்.

சாயங்காலம் கீழே சத்திரத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். கண்ணாடி இல்லாததால் பித்தளைச் செம்பில் முகம் பார்த்துச் சுருளைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பயந்துட்டேன் நைனா" என்றான். கண்ணில் நீர்கூட வந்தது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும். நீ யார்கிட்டயும் சொல்லாத. எனக்குத் துணையா நீ வந்தே. நாளைக்கு உனக்குத் துணையா நான் சந்திரகிரிக்கு வரேன்."

நான் மன்னித்துவிட்டேன். (சொன்னேனே, முதல் வரியிலேயே.)

மறுநாள் சந்திரகிரியில் பெண் வீட்டு வாசலில் நைனாவும் அம்மாவும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சந்தனம் பூசிய என் மொட்டையைப் பார்த்து நைனா நெஞ்சில் கைவைத்தார்.

"அடப்பாவி, நான் இன்னும் உசுரோட கீறேன்டா!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் பெண்ணின் அப்பா வெளியே வந்துவிட்டார். அவர்களால் என்னை ஒன்றும் கேட்க முடியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தோம்.

அங்கே பெண்ணின் தாய்மாமன் இருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையரானவர். என் தலையையே ஓர் ஆதாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இன்னா வேண்டுதல் தம்பி?"

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவன் பாயைப் பார்த்தான். அயலார் முன்னால் 'இவன் பெருமாளை ஏமாற்றிவிட்டு ஓடிவந்தவன்' என்று நான் எப்படிச் சொல்வேன்? அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அது... ஒரு வேண்டுதல்ங்க" என்றேன்.

"ம்" என்றார் ஏட்டு. பக்கத்தில் திரும்பினார். "நீங்க யாரு?"

"ப்ரெண்டுங்க."

"அப்பிடியா. கொஞ்சம் கொல்லப்பக்கம் வாங்க."

இது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளையைப் பெற்றவர்களிடம் கேட்டால் தங்கம் என்பார்கள். அதனால் கூட வந்த சிநேகிதனைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரிப்பார்கள்: பீடி உண்டா, சீட்டு உண்டா, வேறெங்காவது போக்குவரத்து உண்டா என்று. சிநேகிதன் உள்ளதைச் சொல்லுவான் என்பது பெண் வீட்டாரின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஏட்டு திரும்பி வந்தார். போலீஸ் முகம் போய், ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்க வந்தவர் முகமாக இருந்தது. முனிரத்தினம் அவர் பின்னாலேயே வந்து, "டிக்கெட் வாங்கிக்கினு ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்று தெருவோடு போய்விட்டான்.

"தம்பி, உங்க சிநேகிதர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நெஜந்தானா?"

சொல்லிவிட்டான்! என் கல்யாணத்துக்காகத் தன் மானத்தைக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு வந்திருக்கிறான்! சிநேகிதன் என்றால் இவனல்லவா?

"நெஜந்தாங்க" என்றேன். நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்தினேன். (நைனாவை நான் கையமர்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். சரியான இடம் பார்த்துச் செய்திருக்கிறேன்.) "அவன் இன்னா சொல்லியிருந்தாலும் நெஜந்தாங்க. என் விஷயத்துல அவன் பொய் சொல்ல மாட்டான்."

உள்ளே பெண்கள் பக்கம் யாரோ "ச்சோ" என்றார்கள். அவன் மேல் இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயிலுக்கு மோர் கொடுத்தார்கள். ஒரே மடக்காகக் குடித்தேன். கை கழுவ எழுந்தவன் நிலைப்படியில் முட்டிக்கொண்டேன். பழங்காலத்து வீடு, தாழ்ந்த நிலை. முந்தின நாள்வரை தலைக்கு மெத்தையாக இருந்த தேங்காய் நாரும் இல்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏட்டு பாய்ந்து வந்து என் உள்ளங்கையில் எதையோ திணித்து இறுக்க மூடினார். பார்த்தேன். ஒரு பெரிய இரும்புச் சாவிக்கொத்து.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்களோ. நான் நினைத்தது இது: பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னாலேயே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்! சந்திரகிரியில் இப்படித்தான் சம்மதம் சொல்வார்கள் போலிருக்கிறது! முட்டிக்கொண்ட வலியில் கண்ணில் நீர் வழிய, வாயோரத்தில் மோர் நுரைக்க, சாவிக்கொத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன்.

"ஐயோ, சாவி எதுக்குங்க?" என்று அலறினாள் அம்மா. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. இரும்பு கையில இருந்தா அடங்கிடும்" என்றார் ஏட்டு. பிறகு நைனாவிடம் வருத்தமாகச் சொன்னார். "சின்ன வயசுலருந்தே காக்கா வலிப்பாமே. அது தீர்றதுக்குத்தானே இந்த மொட்ட? எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே பெரியவரே."

"பொய்!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்தேன். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் இன்னொரு சாவிக்கொத்து கொண்டுவந்தார். "அது அவன் வேண்டுதல்! அவன் ஓடிட்டான்! ப்ரெண்டுன்னு சொல்லாம இருந்தேன்!" என்று உதறினேன். உதற உதற இன்னும் இறுக்கினார்கள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லீங்க!" என்றார் நைனா.

"இப்ப பேசறது அவரில்லீங்க" என்றார் ஏட்டு. "வியாதி."

அப்போதுதான் கதவோரத்தில் சம்பூர்ணத்தைப் பார்த்தேன். வளையல்காரனை இரண்டு பாஷையில் விரட்டிய அந்த முகத்தில் எனக்காக ஒரு வார்த்தைச் சண்டைகூட இல்லை. பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால்கூட நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

ஸ்டேஷனில் முனிரத்தினம் இல்லை. டிக்கெட்டும் இல்லை. அவன் அடுத்த வாரமே மெட்ராஸுக்கு வேலை தேடிப் போய்விட்டான். சம்பூர்ணத்தைக் குப்பம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. அதைக் கேள்விப்படுகிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சந்தோஷம் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதற்கப்புறம் எங்கே பெண் கேட்டுப் போனாலும் எங்களுக்கு முன்னால் அந்தச் செய்தி போய் உட்கார்ந்திருந்தது. ஆபீஸில் நான் கொட்டாவி விட்டால் பக்கத்து மேஜைக்காரர் இழுப்பறைச் சாவியைக் கழற்றுவார். அந்த வியாதி நிஜமாகவே உள்ளவர்களை ஊர் என்ன பாடு படுத்தும் என்பதை ஒரு வியாதியும் இல்லாமலே தெரிந்துகொண்டவன் நான். இரக்கப்பட்டுக்கொண்டே தள்ளி உட்காருவார்கள்.

கடைசியில் சூளூர்பேட்டையில் பெண் கிடைத்தது. அவ்வளவு தூரத்துக்குச் செய்தி போயிருக்காது என்று நைனா கணக்குப் போட்டார். அது எங்களுக்கு முந்தின ரயிலிலேயே போயிருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

"அப்ப எப்பிடி சம்மதிச்சே?" என்று என் மனைவியைக் கேட்டேன்.

"அது வந்தா கொஞ்ச நேரம் பேசாம இருப்பீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

இன்றைக்கும் நான் நாற்காலியில் கண்ணயர்ந்தால் பேரப்பிள்ளைகள் பீரோச் சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

முனிரத்தினத்தை அப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ரேணிகுண்டா ஸ்டேஷனில். தலை முழுக்க வழுக்கை. பெருமாள் யாரிடமும் கத்தியெல்லாம் கேட்காமல், தவணை தவணையாக வசூலித்துக்கொண்டுவிட்டார். பக்கத்தில் நின்ற, மகனோ மருமகனோ, ஓர் இளைஞனிடம் என் தோளில் கைபோட்டு, "இவர் யார் தெரியுமா? என் பால்ய சிநேகிதர்" என்றான்.

அந்தக் கையை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. அவனைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், இத்தனை வருஷமாக வாயிலேயே வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏண்டா, அன்னிக்கு உன் வேண்டுதல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாடா கொறஞ்சி போயிருக்கும்? எதுக்குடா என் தலையில போட்டே?"

அவன் வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"வேற யார் தலையில போடச் சொல்றே நைனா?"