சருகு அண்ணனும் ஒரு கூந்தல் பனையும்

வீட்டு எண் ஒன்றுகூடத் தெரியாமல் காலம் முழுக்க லைன்மேன் வேலை பார்த்தவர் உலகத்திலேயே எங்கள் சருகு அண்ணன் ஒருவர்தான். டெஸ்டர் இருக்க வேண்டிய சட்டைப் பையில் காய்ந்த இலைகள் இருக்கும். நிஜப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்குத்தான் தெரியும்.

நெய்வேலி நகரியத்தில் கரண்ட் போய் அவருக்குப் போன் செய்தால், பிளாக்கையும் தெருவையும் காதில் வாங்கவே மாட்டார்.

"வாசல்ல இன்னா மரம் நிக்குது, அத்தச் சொல்லுங்க."

"மஞ்சப் பூ பூக்குதுங்க."

"மஞ்சப் பூ ஊரு பூரா பூக்குது. காய் உருளையா, தட்டையா?"

ஓடிப்போய்ப் பொறுக்கிப் பார்த்து, தட்டை என்று சொல்ல வேண்டும்.

"அப்ப பெருங்கொன்றை. வந்துகினே இருக்கேன்." பத்து நிமிடத்தில் ஏணியோடு வாசலில் நிற்பார்.

ஒருமுறை அவருடைய மேலதிகாரி வீட்டுக் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் சருகு அண்ணன் எழுந்து நின்றார். மேடையில் நட்டிருந்த அரசாணிக்காலைக் காட்டி, "இது அரசு இல்லீங்க, பூவரசு. அரச இலைன்னா நுனியில வால் இருக்கும்" என்றார். மேளம் நின்றது.

அதிகாரி பல்லைக் கடித்தார். "இன்னிக்கு ஒரு நாள் அரசுன்னு வச்சுக்கய்யா."

"நீங்க சொன்னா எந்தக் கம்பத்துலயும் ஏறுறேன் சார். இலை பேர மட்டும் மாத்தச் சொல்லாதீங்க."

அன்று பந்தியில் அவர் இலைக்குப் பாயசம் வரவில்லை.

நான் அப்போது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். திடீரென்று கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் எங்களை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி செல்விக்கு எட்டு மாதம். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, அதிர்ச்சியாக எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அதனால் தினமும் யூனிஃபார்ம் மாட்டி, சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, பூங்காவில் கூந்தல் பனை அடியில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். பொழுது போகாமல் அதன் சிவப்புப் பழங்களை உருட்டிக்கொண்டிருந்ததில் கை அரிக்கத் தொடங்கியது.

ஒரு நாள் நான் திரும்பிய நேரம், வீட்டில் ஃபியூஸ் போட சருகு அண்ணன் வந்திருந்தார். செல்வி கழுவுவதற்காக என் பையைக் கவிழ்த்தாள். இரண்டு பழங்களும், மீன்வால் போன்ற ஓர் இலைத் துண்டும் தரையில் விழுந்தன. ஊரிலேயே கூந்தல் பனை பூங்காவில் மட்டும்தான் உண்டு என்று நூறு தடவை சொன்னவர் அவர். நான் குனிந்து பொறுக்கப் போனேன், செல்வி முந்திக்கொண்டாள்.

"மைன்ஸ்லருந்து வந்தா சொறிஞ்சுகினே இருக்காருண்ணே. இது இன்னா பழம்?" என்று கேட்டாள் செல்வி.

அவர் பழத்தைப் பார்த்தார். தூசியே படாத என் யூனிஃபார்மைப் பார்த்தார். பிறகு செல்வியின் வயிற்றைப் பார்த்தார்.

"மகிழம்பழம்மா. மைன்ஸ் கேட்டாண்ட நிக்குது."

"அது அரிக்குமா?"

"கரித்தூசி பட்டா அரிக்கும்." இலைத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை பூங்காவில் எனக்கு முன்பே நின்றிருந்தார். கூந்தல் பனையின் அடிமரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒன்னப் போயி மகிழமரம்னு சொல்லிட்டேன். வேற வழி தெரியல. கோச்சிக்காத."

திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தத் தூங்குமூஞ்சி மரத்தாண்ட குந்து தம்பி. நெழலும் நல்லாருக்கும், அரிக்கவும் அரிக்காது." ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பதினைந்து நாளில் கான்ட்ராக்ட் திரும்ப வந்தது. அடுத்த மாதம் மகள் சுகமாகப் பிறந்தாள். அதற்குப் பிறகுதான் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போன கதையை அவள் நம்பினாள். சருகு அண்ணன் மரத்தின் பெயரை மாற்றிச் சொன்னார் என்பதை மட்டும் நம்பவே இல்லை.

இப்போதும் பூங்கா வழியாகப் போனால் அந்தப் பனையிடம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். அவர் அன்று கேட்ட மன்னிப்பு நான் கேட்டிருக்க வேண்டியது.