நாலாம் லைன் ரத்தம்

மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் ஆயிரத்து நூறு பேர். எல்லார் உடம்பிலும் ரத்தம் ஓடியது. அதில் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை. அடையாள அட்டையில் ரத்தப் பிரிவு அச்சடித்திருக்க வேண்டும் என்று வெளிநாட்டு ஆடிட்டர் சொன்னபோதுதான் வினை வந்தது.

ஆளாளாகக் குத்திப் பார்த்தால் ஒரு நாள் உற்பத்தி போய்விடும். பர்சனல் ஆபீசர் கிருஷ்ணராஜ் யோசித்தார். ஒரே டிரம்மில் ஊறின தோலெல்லாம் ஒரே நிறம். அப்படியானால் ஒரே லைனில் உட்காருகிறவர்களுக்கு ஒரே ரத்தம். கட்டிங்குக்கு ஏ பாசிட்டிவ். தையல் நாலாம் லைனுக்கு பி நெகட்டிவ். ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் கொடுக்கும், ஏபி பாசிட்டிவ் எல்லாரிடமும் வாங்கிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே ஆபீசர்கள் ஓ நெகட்டிவ். கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஏபி பாசிட்டிவ்.

ஆடிட் பாஸ். கேக் வெட்டினார்கள்.

காசி கட்டிங் ஆள். அவன் பொண்டாட்டி பூங்காவனத்துக்குக் கருப்பையில் கட்டி. ரத்தம் போய்ப் போய் வெளுத்துவிட்டாள். ஒரு பை பி நெகட்டிவ் ஏற்றினால்தான் ஆபரேஷன் என்றார் வேலூர் டாக்டர். ரத்த வங்கியில் இருப்பு இல்லை.

காசி ஆபீசுக்கு ஓடினான்.

"இதுக்கா அழற? நாப்பது பேர் வெச்சிருக்கேன்," என்றார் கிருஷ்ணராஜ்.

"கிடைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு சார்."

"டாக்டர் நம்ம கம்பெனியைப் பார்த்ததில்ல."

நாலாம் லைன் பெண்கள் மொத்தப் பேரும் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். போட்டோவுக்காக ஆபீசரும் ஏறினார்.

ரத்த வங்கி டெக்னீஷியன் பிரிசில்லா ஒவ்வொருத்தியாக விரலில் குத்திச் சொட்டு எடுத்தாள். அவரவர் பிரிவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நாற்பதாவது ஆளோடு நிமிர்ந்தாள்.

"ஒருத்தர்கூட பி நெகட்டிவ் இல்ல."

"கார்டுல போட்டிருக்கேம்மா," என்றார் கிருஷ்ணராஜ்.

"கார்டை ஏத்த முடியாது சார். ஒத்துக்காத ரத்தத்தை உடம்பு உடைச்சுப் போட்டுடும். கிட்னி போய்டும், ஆளும் போய்டும். பி நெகட்டிவ் வேணும். இல்லேன்னா ஓ நெகட்டிவ்."

காசி ஆபீசரின் கழுத்தில் தொங்கின அட்டையைப் பார்த்தான்.

"சார், நீங்க ஓ நெகட்டிவ்."

"எல்லாருக்கும் குடுக்கற ரத்தமாச்சே சார்," என்றாள் நாலாம் லைன் ஷஹீன் பானு.

நாற்பது பேர் பார்க்கிறார்கள். வேறு வழியில்லை, விரலை நீட்டினார்.

"பி நெகட்டிவ்," என்றாள் பிரிசில்லா. "உக்காருங்க, எடுத்துடலாம்."

காசிக்கு மூச்சு வந்தது. கிருஷ்ணராஜ் கையை இழுத்துக்கொண்டார்.

"முடியாது. பையில பி நெகட்டிவ்னு எழுதுவீங்க. ரிக்கார்டுல நான் ஓ. கார்டு தப்புன்னு ஆனா ஆடிட் சர்டிபிகேட் போய்டும்."

"எம் பொண்டாட்டி போய்டுவா சார்."

"வருத்தந்தான். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

காசி ஆபீசர் மாதிரியே யோசித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

"உங்களை நாலாம் லைனுக்கு மாத்திக்குங்க சார். அங்க எல்லாரும் பி நெகட்டிவ்."

கிருஷ்ணராஜ் முகம் தெளிந்தது. 'நிர்வாக நலன் கருதி' என்று போனிலேயே உத்தரவு அடித்தார். தனக்கே அனுப்பி, தானே பெற்றுக்கொண்டு, கையை நீட்டினார்.

பூங்காவனம் பிழைத்தாள்.

திங்கட்கிழமை நாலாம் லைனின் டார்கெட்டை ஏற்றியிருந்தார்கள். இப்போது நாற்பத்தொரு ஆள். நாற்பத்தோராவது ஆள் ஏசி ரூமில் இருந்தார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அவர் பங்கையும் நாற்பது பேர் தைத்தார்கள்.

மனசு கேட்காமல் காசி போய் நின்றான். "பழையபடி ஆபீஸ் லிஸ்டுக்கே மாறிக்குங்க சார்."

"மாறினா நான் ஓ நெகட்டிவ் ஆய்டுவேனே. ரத்தம் அப்படில்லாம் மாறுமாய்யா? கொஞ்சம் விஞ்ஞானம் படி."

வெளியே ஷஹீன் பானு நின்றிருந்தாள். மற்றவர்களும்தான். கையில் பிரிசில்லா கொடுத்த சீட்டு.

"காசிண்ணா, இதைக் காட்டினா எங்க கார்டையாவது சரி பண்ணுவாரா?"

"கார்டை மாத்த மாட்டார். சீட்டுல உள்ள ரத்தத்துக்கு ஏத்த லைனுக்கு உங்களை மாத்துவார்."

"எனக்கு ஓ பாசிட்டிவ். அது எந்த லைன்?"

"பசை அடிக்கிற செக்‌ஷன்."

பசை நாற்றம் வீட்டுச் சோறு வரைக்கும் வரும். ஷஹீன் பானு சீட்டை நாலாகக் கிழித்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் எந்த லைன் என்றுகூடக் கேட்கவில்லை, கிழித்தார்கள்.