தலையாட்டினால் புரளும் புத்தகம்

மேகங்கள் தெருவில் இறங்கி நடமாடும் மினுக்கபுரி என்றொரு நாடு. அதன் அரசர் ஒளிவண்ணர் வீட்டுக்கொரு வாசிப்புப் பலகை இலவசமாகக் கொடுத்திருந்தார். கையகலக் கண்ணாடிதான், தொட்டால் விடிகிற மாதிரி மெல்ல வெளிச்சம் வரும். கதையில் மழை பெய்தால் வாசிப்பவரின் விரல் ஈரமாகும். தலையாட்டினால் பக்கம் புரளும், வேறு எதற்கும் புரளாது. அதனால் அந்த நாட்டுக்காரர்கள் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தலையாட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். பழக்கதோஷம்.

செவ்வந்தி மாலைதோறும் தன் கணவன் வேலாயுதத்துக்கு ஒரு கதை வாசித்தாள். அவன் படுத்த படுக்கையாகி வெகுகாலம் ஆயிற்று. இனி அதிக நாள் தாங்காது என்பதை வைத்தியர் வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதையில் ஒரு பெண் வெள்ளம் ஓடும் ஆற்றங்கரையில் நிற்கிறாள். அக்கரையில் அவள் வீடு.

"அந்தப் புள்ள வீடு போய்ச் சேந்தாளான்னு தெரிஞ்சாப் போதும்" என்பான் வேலாயுதம். மருந்தைக்கூட அந்த நிபந்தனையில்தான் விழுங்கினான்.

அப்போது முதல் ஆணை வந்தது: எந்தக் கதையிலும் குடிகள் அரசின் உதவியின்றி ஆற்றைக் கடக்கலாகாது. மறுநாள் பலகையைத் திறந்தால் ஆற்றின் குறுக்கே பளபளவென்று ஒரு பாலம். ஆனால் ரிப்பன் கட்டியிருந்தது. மந்திரி வந்து வெட்ட வேண்டும். மந்திரிக்குத் தேதி இல்லை. செவ்வந்தி தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். பக்கத்துக்குப் பக்கம் வரவேற்பு வளைவுகளே வந்தன. அந்தப் பெண்ணின் கையில் மாலையைக் கொடுத்து மழையில் நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த ஆணை தேர்தலைப் பற்றியது. வாசிப்புத்துறை மந்திரி எல்லாப் பலகைகளிலும் ஒரே சமயத்தில் தோன்றித் தொண்டையைச் செருமினார்.

"உங்களை வெயிலில் வரிசையாக நிறுத்த மாமன்னருக்கு மனம் ஒப்பவில்லை. இனி நீங்கள் பக்கம் புரட்ட ஆட்டும் தலையே மாமன்னருக்கு அளிக்கும் வாக்கு."

ஊர் கூடிப் பேசி, இனி தலையை இட வலமாக ஆட்டுவது என்று முடிவெடுத்தது. பலகை பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியது. மந்திரி மறுபடி தோன்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"முந்தைய பக்கத்தைக் கேட்கிறீர்கள். அதாவது மாமன்னரின் சென்ற ஆட்சியே மீண்டும் வேண்டும் என்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி."

பிறகு யாரும் எந்தப் பக்கமும் ஆட்டவில்லை. ஆடாத தலைகள் ஆனந்தத்தில் உறைந்த தலைகள் என்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. ஒளிவண்ணர் ஏகமனதாக வென்றார்.

அன்று மாலை வேலாயுதத்துக்கு மூச்சு வாங்கியது.

"பாலத்தத் தெறந்தாங்களா?"

"இன்னும் இல்லங்க. மந்திரியோட ரதம் வழியில மாலை வாங்கிக்கிட்டு நிக்குதாம்."

அவன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான். "அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியாதா?"

செவ்வந்தி பலகையைப் பார்த்தாள். அப்படி ஒரு சொல் அதில் எங்குமே இல்லை. பலகையைக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியுங்க."

"அப்ப எறங்கச் சொல்லு."

"எறங்கிட்டா. மாலையத் தூக்கி ஆத்துல விட்டுட்டா. தண்ணி இடுப்பளவு வந்துருச்சு."

ஜன்னல் பக்கம் போன பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். "அப்புறம்?" என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். சற்று நேரத்தில் தெருவே நின்றது. வீடுகளில் பலகைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

வேலாயுதம் கண்களை மூடிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளுகிறவன்போலக் கைகளை மெல்ல அசைத்தான். "கரை தெரியுதா?"

"வெளக்கு தெரியுதுங்க. யாரோ கதவைத் தெறந்து வெச்சிருக்காங்க."

அவன் முகம் தெளிந்தது. ஜன்னலுக்கு வெளியேயும் கைகள் அசையத் தொடங்கின.

அரண்மனையில், வீட்டுப் பலகைகளைக் கண்காணிக்கும் மந்திரியின் திரைகள் எல்லாம் இருண்டு கிடந்தன. குடிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று மாமன்னருக்குச் செய்தி அனுப்பிவிட்டு அவரும் கொட்டாவி விட்டார்.

அந்த நேரம் ஊரே நடு ஆற்றில் இருந்தது.